மண்டியிட்டதற்கு ஆதாரம்

என் தங்கை லோவினா ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்தாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டிப் போடுவது, தூக்கி நாற்காலியில் வைப்பது, மறுபடி தூக்கிப் படுக்கையில் கிடத்துவது என்று நாள் முழுக்கத் தூக்குகிற வேலை. ஒரு மார்ச் மாதக் காலையில் இருநூற்று நாற்பது பவுண்டு எடையுள்ள ஒரு மனிதர் குளியலறையில் வழுக்கிச் சரிந்தார். இவள் அவரைக் கீழே விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவளுக்கு முதுகெலும்பில் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே இருந்த வட்டு பிதுங்கி வெளியே வந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து நான்கு திருகாணிகள் போட்டார்கள். அதற்குப் பிறகு இடது கால் அவள் சொன்னபடி கேட்பதை நிறுத்திக்கொண்டது.

சம்பளத்தில் ஒவ்வொரு வாரமும் பிடித்து வைத்த பணத்திலிருந்து, வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஓர் உதவித்தொகை தருகிறது. இந்தக் கெண்டக்கி மலைப்பக்கம் அதற்கு மனுப் போடாத குடும்பம் குறைவு. லோவினாவும் போட்டாள். அந்தத் தொகை வந்தால் அவள் தன் வீட்டில் இருக்கலாம். ஓடை முகத்துவாரத்தில் வாடகை இடத்தில் நிறுத்தியிருந்த டிரெய்லர் வீடுதான், ஆனாலும் அவளுடையது. வராவிட்டால் என் வீட்டுப் பின்னறை. மனுப் போட்டபின் அவள் புருஷன் வேலை தேடி ஒஹையோ போனவன், போனவன்தான்.

மனுவோடு ஒரு படிவம் வந்தது. பத்துப் பக்கம். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன செய்கிறீர்கள் என்பதில் தொடங்கி, சமைப்பீர்களா, துணி துவைப்பீர்களா, யாரோடு பழகுவீர்கள், எங்கெல்லாம் போவீர்கள் என்று போகும். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப்பேருக்கு இந்த மாதிரிக் காகிதங்களை நான்தான் எழுதிக் கொடுப்பேன். கேள்வியை வாசித்துக் காட்டுவது, அவர்கள் சொல்வதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது, கீழே தேதி போட்டு ஒரு நகல் எடுத்து வைப்பது. அதுதான் என் வழக்கம்.

லோவினாவுக்கும் அப்படியே எழுதினேன். என் சமையலறை மேசையில், அவள் நாற்காலியில் உட்கார முடியாமல் குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"சமைப்பீங்களான்னு கேக்குறான்."

"சமைப்பேன்னு போடு."

"நேத்து நீ சமைச்சியா?"

"பீன்ஸ் டப்பா தொறந்து சுட வெச்சேன். அது சமையல் இல்லாம என்ன, பூசையா?"

சமைப்பேன் என்று எழுதினேன். வழிபாட்டுக்குப் போவீர்களா என்று அடுத்த கேள்வி. எவ்வளவு அடிக்கடி, அங்கே என்ன செய்வீர்கள்.

"மாசக் கூட்டம் ஒண்ணு விடமாட்டேன். வருஷத் திருவிருந்துல பாதம் கழுவுறதுக்கு இன்னைக்கு வரைக்கும் தவறினதில்லன்னு எழுது."

எழுதினேன். அவள் சொன்னது உண்மை. எங்கள் சபையில் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்து முடித்தபின், ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் பாதம் கழுவுவார்கள். இடுப்பில் நீளத் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றிய எனாமல் பேசினுக்கு முன்னால் மண்டியிட்டுத்தான் கழுவ வேண்டும். கழுவி முடித்ததும் எழுந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். அங்கே யார் யாருக்குக் கழுவினார்கள், யார் அழுதார்கள் என்பதை வாசலுக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. எங்களுக்கு அப்படி ஒரு பழக்கம். யாரும் சொல்லித் தந்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை.

முதல் தடவை மனு தள்ளுபடி ஆனது. மறுபரிசீலனையிலும் தள்ளுபடி. எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும், மூன்றாவது கட்டத்தில் ஒரு நீதிபதி நேரில் விசாரிப்பார், அங்கே கிடைத்துவிடும் என்றார் வக்கீல் டென்னி ராட்லிஃப். நாற்பது வயதுக்காரர். பக்கத்து நகரத்துக்காரர், எங்கள் சபை இல்லை. ஜெயித்தால் மட்டும் கூலி வாங்குகிறவர்.

நேரில் என்றார்களே தவிர, நீதிபதி வேறு ஊரில் இருந்தார். ஒரு சின்ன அறையில் சுவரில் மாட்டிய டிவியில் அவர் தலை தெரிந்தது. லோவினா ஞாயிற்றுக்கிழமைக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் பின்னால் உட்கார அனுமதித்தார்கள், வாய் திறக்கக் கூடாது என்று சொல்லி.

நீதிபதி மரியாதையாகத்தான் கேட்டார்.

"வலி எப்படியம்மா இருக்கு இப்ப?"

"பரவால்லீங்க ஐயா. ஓடுது."

டென்னி பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க படிவத்துல பாதம் கழுவுற சடங்குல கலந்துக்குவேன்னு இருக்கு. அது என்னன்னு கொஞ்சம் சொல்லுங்க."

"ஒருத்தருக்கொருத்தர் கால் கழுவுவோம் ஐயா."

"மண்டி போட்டா?"

"ஆமாங்க ஐயா."

"போன வருஷமும் மண்டி போட்டீங்களா?"

"போட்டேன்."

"இந்த வருஷம்?"

"ரெண்டு மாசம் முன்னாடிதான். போட்டேன் ஐயா."

அவர் குனிந்து ஏதோ எழுதினார். டென்னி அவசரமாக முன்னால் சாய்ந்தார். "லோவினாம்மா, நீங்க எப்படி மண்டி போட்டீங்கன்னு ஐயாவுக்குச் சொல்லுங்க. யாராவது உதவி பண்ணாங்களா?"

லோவினா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கோவில் வாசலில் நின்று வீட்டு விஷயத்தைக் கேட்டவனைப் பார்ப்பது போல.

"எல்லாரும் எப்படிப் போடுவாங்களோ அப்படித்தான் தம்பி" என்றாள்.

நான் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மை என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் சபையின் ஓமா அக்கா இடது கையையும் இன்னொரு பெண் வலது கையையும் பிடித்து, ஒரு மூட்டையை வண்டியிலிருந்து இறக்குவது போல அவளை இறக்கினார்கள். கழுவி முடித்தபின் இரண்டு பேரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவள் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

தொலைபேசி வழியாக ஒரு வேலைவாய்ப்பு நிபுணரிடமும் நீதிபதி கேட்டார். எப்போதாவது மண்டியிடக்கூடிய, பெரும்பாலும் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை இந்த நாட்டில் உண்டா என்று. உண்டு என்றார் அவர். மர ஆணிகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பவர். மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் கண்ணாடி பொருத்துபவர். கடித உறைகளில் கையால் விலாசம் எழுதுபவர்.

வெளியே வந்ததும் லோவினா என்னிடம், "விலாசம் எழுதறதுக்கு ஆள் எடுக்குறாங்களாம்ணே. நீ இத்தன வருஷம் சும்மா எழுதிக் குடுத்துட்டு இருக்க" என்றாள். அன்று அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

நான் உண்மையாகவே விசாரித்துப் பார்த்தேன். நான்கு மாவட்டங்களில் பதினேழு இடங்களுக்குக் கடிதம் எழுதினேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். அப்படி ஒரு வேலை தங்களிடம் இல்லை, இருந்ததாக நினைவும் இல்லை என்று. ஒரு மர ஆலைக்காரர் மட்டும், ஆணியைச் சரிபார்க்க ஒரு இயந்திரம் இருக்கிறது, அதற்கும் முதுகுவலி உண்டு என்று எழுதியிருந்தார்.

தீர்ப்பு பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது எங்கள் தலைவிதி. மனுதாரர் தமது வலியைப் பற்றிச் சொல்வது அவரது நடவடிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை; அவர் சமைக்கிறார், தவறாமல் வழிபாட்டுக்குச் செல்கிறார், மண்டியிட்டுச் செய்யும் சடங்கில் ஆண்டுதோறும் பங்குகொள்கிறார் என்று அவரே எழுத்திலும் பிரமாணத்திலும் ஒப்புக்கொண்டுள்ளார். மேல்முறையீட்டுக் குழுவும் அதையே இரண்டு வரியில் சரி என்றது.

மிச்சமிருந்தது ஃபெடரல் கோர்ட். அறுபது நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். அங்கேயும் தோற்றால் மறுபடி முதலிலிருந்து மனுப் போட முடியாது என்று டென்னி விளக்கினார். வேலையை விட்டு ஐந்து வருடம் வரைதான் அவள் கட்டிய பணத்துக்குக் காப்பு. அந்த ஐந்து வருடம் விசாரணைக்கு முன்பே முடிந்துவிட்டது. இந்த வழக்கு போனால் இருபத்தோரு வருடம் பிடித்த பணம் போனதுதான்.

"அப்ப நான் அந்தக் கோர்ட்டுல போய்ச் சொல்லிடறேன் தம்பி" என்றாள் லோவினா. அதற்குள் அவளுக்கு ஊன்றுகோல் போய் நடைச்சட்டம் வந்திருந்தது. "என்ன நடந்துச்சுன்னு அந்த ஜட்ஜுகிட்ட நானே சொல்றேன். இந்தத் தடவ சொல்லிடுவேன்."

"அங்க யாரும் யாரையும் பாக்க மாட்டாங்கம்மா."

"பின்ன எதுக்குக் கோர்ட்டு?"

டென்னி மேசைமேல் இருந்த காகிதக் கட்டைத் தட்டினார். "இது எண்ணூத்திப் பன்னெண்டு பக்கம். டாக்டர் சீட்டு, படிவம், நீங்க அன்னைக்குப் பேசினது, எல்லாம் இதுல இருக்கு. ஃபெடரல் ஜட்ஜு இத மட்டும்தான் படிப்பாரு. முதல் ஜட்ஜு சொன்னதுக்கு இதுக்குள்ள ஏதாவது ஆதாரம் இருக்கான்னு பாப்பாரு. இருந்தா அவரு சொன்னது நின்னுடும். அது சரியா தப்பான்னு இவரு பாக்க மாட்டாரு."

"அதுல என்னைப் பத்தித் தப்பா இருந்தா?"

"அந்த எண்ணூத்திப் பன்னெண்டு பக்கம்தான்மா நீங்க. வெளிய உக்காந்திருக்கிறது அவங்களுக்கு யாரோ."

லோவினா அந்தக் கட்டைப் பார்த்தாள். "என்னைவிடக் கனமாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு டென்னி சொன்னார், ஒரே ஒரு சந்து இருக்கிறது என்று. புதிதாக ஓர் ஆதாரம் கிடைத்தால், அது முக்கியமானதாக இருந்தால், முன்பே ஏன் காட்டவில்லை என்பதற்கு நியாயமான காரணமும் இருந்தால், ஃபெடரல் நீதிபதி வழக்கைக் கீழே திருப்பி அனுப்பலாம். "அவங்க மண்டி போட்டப்ப பக்கத்துல யார் இருந்தாங்க? அப்பவே எழுதி வெச்ச ஏதாவது இருக்கா? இப்ப எழுதித் தர்றது எடுபடாது ஹோபர்ட் அண்ணே. அன்னைக்கே எழுதினது வேணும்."



எங்கள் சபையின் செயலர் நான்தான். பத்தொன்பது வருடமாகக் குறிப்பேட்டை நான் எழுதுகிறேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் ஜெபித்தார், எந்தப் பாட்டை யார் எடுத்துக் கொடுத்தார், எல்லாம் எழுதுவேன். வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. விசாரணைக்கு முந்தைய மூன்று ஆகஸ்டுகளும் என் கையெழுத்தில் இருந்தன. முதல் வருடம்: "சகோதரி லோவினாவைச் சகோதரி ஓமா கைப்பிடித்து எழுப்பினார்." இரண்டாம் வருடம்: "சகோதரி லோவினாவை இருவர் இறக்கி, இருவர் தூக்கினர்." மூன்றாம் வருடம், விசாரணைக்கு இரண்டு மாதம் முன்: "சகோதரி லோவினாவை இருவர் தூக்குவதற்கு நேரம் பிடித்ததால் பாட்டை முதலிலிருந்து இரண்டு அடி மறுபடி பாட வேண்டியதாயிற்று."

அந்தக் குறிப்பேடு இருந்த அலமாரியில்தான், அடுத்த தட்டில், அவளுடைய படிவத்தின் நகலும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு பலகை. சபைக் காரியம் சபைக்கு, அரசாங்கக் காகிதம் அரசாங்கத்துக்கு என்று வைத்திருந்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

குறிப்பேட்டை வெளியே கொடுக்கச் செயலருக்கு அதிகாரம் கிடையாது. சபை கூடி ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் கை தூக்காவிட்டாலும் நடக்காது. அடுத்த மாதக் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். சபையை நடத்தும் மூப்பர் எல்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஓமா அக்காதான் முதலில் எழுந்தாள். லோவினாவின் இடது கையைப் பிடித்தவள். எழுபது வயது, குரல் மட்டும் முப்பது.

"பேசின் தண்ணிய ஊத்துறதுக்கே வெளிய எடத்தப் பாத்து ஊத்துறோம். அத எடுத்துக்கிட்டுப் போய் கவர்மென்டு மேசையில வைக்கணுமா? நாளைக்கு அவன் நம்ம எல்லாரு முட்டியையும் வந்து அளப்பான்."

"அவளுக்கு உதவி கெடைக்கும்க்கா" என்றேன்.

"நீ செயலரா கேக்குறியா, அண்ணனா கேக்குறியா?"

 பின்வரிசையில் யாரோ, "கவர்மென்டு செக் வாங்குறவங்களால ஊருக்கே கெட்ட பேரு" என்று முணுமுணுத்தார். மூப்பர் எல்சி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். முணுமுணுப்பு நின்றது.

"இதுல அண்ணன் என்ன, தம்பி என்ன" என்றாள் ஓமா அக்கா. "அவ விஷயம். அவ வாயால கேக்கட்டும். கேட்டா நான் குறுக்க நிக்கல."

எல்லோரும் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். லோவினா மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தாள். எழுந்து நிற்பதற்கு அவளுக்கு நேரமானது. பக்கத்தில் இருந்தவள் கை கொடுக்கப் போனபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, முன் பெஞ்சின் முதுகைப் பிடித்து எழுந்தாள்.

"எனக்குத் தனியா கீழ எறங்க முடியல" என்றாள். "எறங்கினா எந்திரிக்க முடியல. போன மூணு வருஷமும் என்னத் தூக்கினாங்க. இந்த வருஷம்…" அங்கே நிறுத்தினாள். "இந்த வருஷம் ஒண்ணுக்கும் போயிட்டேன். தூக்கும்போது. ஓமா அக்காவுக்குத் தெரியும். துண்டப் போட்டு மறைச்சாங்க. அதக் குறிப்புல அண்ணன் எழுதல."

நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது.

"புஸ்தகத்தக் குடுங்கன்னு கேக்குறேன்" என்று முடித்தாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழ வேண்டும் என்பதாலோ என்னவோ, ஓட்டெடுப்பு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

ஓமா அக்கா முதல் ஆளாகக் கை தூக்கினாள். முணுமுணுத்தவரும் தூக்கினார்.

நான் அந்த மூன்று பக்கங்களையும் நகல் எடுத்து, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, சபையின் குறிப்பேடு இது, இதைப் பத்தொன்பது வருடமாக எழுதி வைத்திருப்பவன் நான், சபையின் ஒருமனதான சம்மதம் இல்லாமல் இது வெளியே போகாது, ஆகையால்தான் முன்பே காட்டவில்லை என்று பிரமாணப் பத்திரமும் எழுதிக் கொடுத்தேன். டென்னி படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கண்ணே, இதுல நான் கை வைக்கவே தேவையில்ல" என்றார். பதினொரு மாதம் காத்திருந்தோம். அதற்குள் டிரெய்லர் நின்ற இடத்துக்கு வாடகை கொடுக்க முடியாமல் லோவினா என் பின்னறைக்கு வந்துவிட்டாள். வழக்கு முடியும் வரைக்கும்தான் என்றாள். துணியைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கவில்லை.

உத்தரவு வந்த அன்று டென்னி போனில் விஷயத்தைச் சொல்லவில்லை; வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. அவர் அலுவலகப் படிக்கட்டில் லோவினா ஏற முடியாது. நான் மட்டும் போய் வாங்கி வந்து, என் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே அவளுக்கு வாசித்தேன்.

"மொதல்லருந்து படி. ஒண்ணையும் தாண்டாத" என்றாள்.

பத்தொன்பது பக்கம். மேலே ஒரு தடவை அவள் பெயர், அதுவும் முழுசாக இல்லை, லோவினாவும் ஒரு எழுத்தும். அதற்குப் பிறகெல்லாம் வாதி. வாதியின் முதுகெலும்பு, வாதியின் இடது கால், வாதியின் சமையல். கீழ் நீதிபதியின் முடிவுக்குப் போதுமான ஆதாரம் பதிவேட்டில் உள்ளது. வேறொரு நீதிபதி வேறு முடிவுக்கு வந்திருக்கலாம் என்பது இதைக் கலைக்கக் காரணமாகாது.

பதினாறாம் பக்கத்துக்கு வந்தேன். அதைக் கண்ணால் ஒரு முறை படித்துவிட்டு நிறுத்தினேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இந்தக் குறிப்பேட்டப் பத்தி."

"படி."

வாசித்தேன். சபைக் குறிப்புகள் முக்கியமானவையாக இருக்கலாம் என்று இந்த நீதிமன்றம் ஏற்கிறது. அவை கீழ் விசாரணையின் முடிவை மாற்றியிருக்கவும் கூடும். ஆனால் அவை புதியவை அல்ல. விசாரணைக்கு முன்பே இருந்தவை. முன்பே காட்டாததற்கு நியாயமான காரணமும் நிறுவப்படவில்லை. சபையின் சம்மதம் தேவை என்கிறார் வாதி. ஆனால் கேட்ட முதல் கூட்டத்திலேயே சம்மதம் கிடைத்திருக்கிறது, அதற்கு முன் கேட்கப்படவே இல்லை. குறிப்புகளை எழுதியவரும், அவற்றைத் தம் வசம் வைத்திருந்தவரும் வாதியின் சகோதரர். வாதியின் படிவத்தைத் தம் கையால் எழுதியவரும் அதே சகோதரர். விசாரணை அறையில் உடன் இருந்தவரும் அவரே. மனு தள்ளுபடி.

வண்டிக்கு வெளியே ஒரு மரலாரி போனது.

"உன் பேரு போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. சகோதரர்னு."

"எத்தன தடவ?"

"ரெண்டு."

"என்னையவிடக் கூடத்தான்."

"லோவி, நான் அன்னைக்கு எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும். அந்த ரூம்ல."

"சொல்லியிருந்தா நான் உன்ன மறுத்திருப்பேன்" என்றாள். "அங்கயே. சத்தியம் பண்ணிட்டு."

அவள் அதை ஆறுதலாகச் சொன்னாளா, அவமானப்படுத்தச் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. மேல்கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். "வண்டிய எடு" என்றாள்.

ஏழைகளுக்கென்று இன்னொரு தொகை உண்டு. கட்டிய பணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்குத் தருவது; தொகையும் குறைவு. மனுப் போட்டபோது, புருஷன் வீட்டிலிருந்து சம்பாதித்துக்கொண்டிருந்த காலத்தில் அதைக் கேட்க வழியில்லை. இப்போது கேட்கலாம் என்று டென்னி சொல்லியிருந்தார். அதற்கும் அதே பத்துப் பக்கம்.

நான் பேனாவை எடுத்து மேசையில் வைத்தபோது லோவினா வேண்டாம் என்றாள்.

"கவுன்டி லைப்ரரியில ஒரு பொண்ணு எழுதித் தர்றாளாம். செவ்வாக்கெழம கூட்டிட்டுப் போ. நீ வண்டியில இரு."

போனோம். அவள் உள்ளே போனதிலிருந்து இரண்டு மணி பத்து நிமிடம் நான் வண்டியில் இருந்தேன். அந்தப் பெண்ணே வாசல் வரை கூட வந்து, நடைச்சட்டத்தைப் பின்னால் ஏற்றிவிட்டுப் போனாள். யாரோ வெளியூர்க்காரி. நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள்.

ஓடைச் சாலையில் திரும்பும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன். "என்ன போட்ட?"

"கேட்டதுக்கெல்லாம் முடியாதுன்னு போட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

"சமைக்க முடியாது. துவைக்க முடியாது. துணி மாத்த ஆள் வேணும்னு போட்டேன். டாய்லெட் போறதக்கூடப் போட்டேன்ணே. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்காம சொன்னேன்."

"சபைக்குப் போறதப் பத்திக் கேட்டிருப்பானே."

"கேட்டான்."

"என்ன போட்ட?"

"போறதில்லைன்னு போட்டேன்."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். அவள் முன்கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பொய்யாச்சே லோவி."

"பொய் இல்ல" என்றாள். "இனிமே போகமாட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. இருந்தும் கூட்டம் நடக்கும் சனிக்கிழமை காலையில் நான் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னறைக் கதவருகே நின்று பார்த்தேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கவுன் பெட்டியில் மேலாகவே இருந்தது.

"வண்டியிலயே உக்காந்திருக்கலாம். பாட்டு வெளிய கேக்கும்" என்றேன்.

"கதவச் சாத்திட்டுப் போண்ணே."

சபையில் பாட்டு, ஜெபம் முடிந்து மூப்பர் எல்சி வழக்கம் போல வருகைப் பட்டியலைக் கேட்டார். வந்தவர்கள் பெயரை வாசித்தேன். வராதவர்கள் மூன்று பேர் என்றேன். இருவர் ஆஸ்பத்திரியில். மூன்றாவது பெயரைச் சொன்னபோது ஓமா அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சபையில் சேர்ந்த இருபத்தாறு வருடத்தில் லோவினாவின் பெயர் அந்தப் பட்டியலில் வந்ததில்லை.

"சகோதரி லோவினாவுக்கு என்ன காரணம் செயலரே?" என்று மூப்பர் கேட்டார். "ஒடம்புக்கு முடியலன்னா நாம நாலு பேரு போய்ப் பாத்து, ஜெபம் பண்ணிட்டு வரலாம்."

நாலு பேர் வீட்டுக்கு வந்தால் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். வந்தவர்களோடு ஒரு பாட்டுப் பாடினாலும் அது சபையாகிவிடுமா, அதையும் ஒருநாள் யாராவது டிவியில் தலை காட்டிக் கேட்பார்களா என்று யோசித்தேன்.

"காரணம் தெரியலைங்க மூப்பரே" என்றேன். "இப்போதைக்கு யாரும் வர வேண்டாம்."

பிறகு குனிந்து, காரணம் தெரியவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.